மொக்கை பிளேடு

வகுப்பில் ஒருவர் நிறுத்தாமல் பேசினால் "பிளேடு போடுறான்டா" என்பார்கள். இன்னும் நீண்டால் அது "ரம்பம்". கேட்பவர் தலையைப் பிடித்துக்கொண்டால் "அறுவை". எதற்கும் அடங்கவில்லை என்றால் "செம மொக்கை". தமிழ் மாணவர் உலகம் சலிப்பைச் சொல்வதற்குப் பிடித்த சொற்கள் எல்லாமே வெட்டும் சாமான்களைச் சேர்ந்தவை. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. கூரான கத்தி அறுத்தால் அறுபட்டதே தெரியாது. மழுங்கினதுதான் இழுத்து இழுத்து உயிரை வாங்கும்.

இந்தக் கட்டுரை அந்த பிளேடைப் பற்றியது அல்ல. புல் வெட்டும் மிஷினில் இருக்கிற நிஜ பிளேடைப் பற்றியது. (படித்து முடிக்கும்போது இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றினால் பொறுத்தருள்க!)

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் வரை சுமார் நாற்பது கிலோமீட்டர். முன்பு தேசிய நெடுஞ்சாலை 45 என்று எல்லோர் வாயிலும் இருந்த சாலை. இந்தத் துண்டுக்கு இப்போது எண் 132. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பிறகு இந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எங்கே பார்த்தாலும் பச்சை. சாலை நடுவில் அரளிச் செடிக்குக் கீழே புல், கல்லூரி மைதானத்தில் கோரை, ஏரிக்கரையில் பார்த்தீனியம், சவுக்குத் தோப்பில் முழங்கால் உயரக் களை. இதையெல்லாம் முன்பு அரிவாளும் மண்வெட்டியும் பார்த்துக்கொண்டன. இப்போது தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் மிஷின் பார்த்துக்கொள்கிறது. கடைக்காரர் அதை "பிரஷ் கட்டர்" என்பார். ஊரில் "புல் வெட்டுற மிஷின்" என்றால் போதும். பெரிய அலுவலக வளாகங்களிலும் கிரிக்கெட் மைதானங்களிலும் தள்ளிக்கொண்டு போகும் சக்கர மிஷினும் உண்டு.

மிஷின் வந்துவிட்டது. அதன் பிளேடைக் கழற்றிச் சாணை பிடிக்கும் பழக்கம் மட்டும் அதனோடு வரவில்லை. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புல்லே சொல்லும் சாட்சி

பிளேடு மழுங்கிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க மிஷினைப் பார்க்க வேண்டாம், புல்லைப் பார்த்தால் போதும். கூரான பிளேடு வெட்டிய இடத்தில் புல்லின் நுனி நேராக இருக்கும். மழுங்கிய பிளேடு வெட்டாது, அடித்துக் கிழிக்கும். நுனி நார் நாராகப் பிய்ந்து நிற்கும்; இரண்டு மூன்று நாளில் அந்த நுனிகள் காய்ந்து, மைதானமே தூரத்தில் இருந்து பழுப்பாகத் தெரியும். பிய்ந்த காயம் வழியாக ஈரம் அதிகம் வெளியேறும், நோயும் எளிதில் நுழையும். "தண்ணி பத்தல" என்று தோட்டக்காரர் மீது பழி விழும். உண்மையான குற்றவாளி மிஷினுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும்.

மிஷினைப் பிடித்திருக்கும் ஆளின் கதை இன்னும் மோசம். வெட்டாத பிளேடுக்கு அவர் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துவார். ஒரே இடத்தை இரண்டு தரம், மூன்று தரம் வீசுவார். பெட்ரோல் கூடுதலாகப் போகும், அதிர்வு கைக்கு ஏறும், சாயங்காலம் விரல்கள் மரத்துப் போகும். புல் சுற்றிக்கொண்டால் அவசரத்தில் கையை விட்டு எடுக்கத் தோன்றும். கூரான பிளேடுதான் ஆபத்து என்று நினைப்பது பாதி உண்மைதான். மனிதரை அவசரப்பட வைப்பது மழுங்கிய பிளேடு. விபத்து அந்த அவசரத்தில்தான் காத்திருக்கிறது.

எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரஷ் கட்டரில் சாதாரணமாகப் போடும் பத்து அங்குல பிளேடின் விட்டம் 255 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் அதன் நுனி ஒரு நொடியில் சுமார் 93 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு சுமார் 335 கிலோமீட்டர்! விழுப்புரம் ஜங்ஷன் வழியாக அந்த வேகத்தில் இதுவரை எந்த ரயிலும் போனதில்லை. அந்த நுனி ஒரு ஜல்லிக் கல்லில் பட்டால் கல் தோட்டாவாகிவிடும். மிஷின் ஓடும்போது மற்றவர்கள் 15 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று இந்த மிஷின்களின் கையேடுகளில் எழுதியிருப்பது சும்மா இல்லை.

அமெரிக்காவில் நடந்துகொண்டே தள்ளும் புல்வெட்டிகளுக்கு 1982 முதல் ஒரு விதி இருக்கிறது. கைப்பிடியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும். கையும் காலும் போன பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

எந்தப் பக்கம் திருப்புவது?

"பிளேடைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய வித்தை?" என்று கேட்கலாம். பலர் அந்த முதல் நட்டிலேயே தோற்றுப்போகிறார்கள்.

பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு எதிர் மரை கொண்டது. மெக்கானிக் பாஷையில் "லெஃப்ட் த்ரெட்". வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். கழலவில்லையே என்று பைப்பை மாட்டி ஏறி மிதித்தால் மரை போய்விடும். அப்புறம் "கம்பெனி சரியில்லை" என்று தீர்ப்பு! மரையை எதிராக வைத்தது ஒரு காரணத்துக்காகத்தான். பிளேடு சுற்றுகிற திசையில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது, இறுகவே பார்க்க வேண்டும். இது விண்வெளி விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. சைக்கிளின் இடது பெடல் எதிர் மரைதான். டேபிள் ஃபேன் இறக்கையின் மூடியும் பெரும்பாலும் அப்படித்தான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பையனுக்குத் தெரிந்த விஷயம், பல ஆயிரம் ரூபாய் மிஷினை வாங்கியவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்.

தள்ளும் மிஷினில் கதை வேறு. அதில் பெரும்பாலும் சாதாரண மரை போல்ட்தான், வழக்கமான பக்கமே கழலும். ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. அந்த வகையில் பிளேடு நேராக இன்ஜின் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். கையால் பிளேடைச் சுற்றினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். சூடாக இருக்கும் இன்ஜின் ஒரு உதை உதைத்தால் விரல் நம்முடையதாக இருக்காது. ஆகவே முதல் வேலை, ஸ்பேனரை எடுப்பதற்கும் முன்னால், பிளக் ஒயரைப் பிடுங்கி ஒதுக்கி வைப்பது. பிரஷ் கட்டரில் நடுவில் கிளட்ச் இருப்பதால் பிளேடைச் சுற்றினால் இன்ஜின் சுற்றாது. ஆனாலும் அதிலும் பிளக் கேப்பைக் கழற்றுவதே நல்லது. பக்கத்தில் நிற்கும் தம்பி ஆர்வக் கோளாறில் கயிற்றை இழுத்துவிட மாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லையே.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். தோல் கையுறை வேண்டும். பிரஷ் கட்டரின் கியர் தலையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் மிஷினோடு வரும் கம்பியைச் செருகினால் பிளேடு சுற்றாமல் நிற்கும். தள்ளும் மிஷினில் பிளேடுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுக்க வேண்டும். மிஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் அதற்குள் இறங்கி, அடுத்த நாள் மிஷின் புகையும் இருமலுமாக நிற்கும். கழற்றுவதற்கு முன் பிளேடின் கீழ்ப்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். தலைகீழாக மாட்டப்பட்ட பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் புல்லை வெட்டாது.

சவரக் கத்தி வேண்டாம்

சாணை பிடிப்பதிலும் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன.

முதலாவது, அதிகக் கூர். புல் பிளேடைச் சவரக் கத்தி போலத் தீட்டினால் முதல் கல்லிலேயே விளிம்பு மடங்கிவிடும். வெண்ணெய் தடவும் கத்தியின் அளவுக்குக் கூர் இருந்தால் போதும், மீதியை வேகம் பார்த்துக்கொள்ளும். தொழிற்சாலையில் கொடுத்த சாய்வு என்னவோ (தள்ளும் மிஷின் பிளேடில் பெரும்பாலும் 30 டிகிரி அளவில் இருக்கும்), அதே சாய்வில் பிளேடை வைஸில் இறுக்கி அரத்தால் ஒரே திசையில் ராவ வேண்டும். கிரைண்டரில் வைத்து அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். அப்புறம் எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. இதைப் பட்டறைக்காரரிடம் போய்ப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்து, அரிவாளாக்குகிறவருக்கு இரும்பின் நிறம்தான் பாடப்புத்தகம்.

இரண்டாவது தவறு, சமநிலையை மறப்பது. ஒரு பக்கம் பத்து இழுப்பு ராவினால் மறுபக்கமும் பத்து இழுப்பு. முடிந்ததும் சுவரில் ஒரு ஆணி அடித்து, தள்ளும் மிஷினின் பிளேடை நடு ஓட்டையில் மாட்டிப் பார்க்க வேண்டும். கடைத் தராசு போல நேராக நின்றால் சரி. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம். இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். சில கிராம் வித்தியாசம்தானே என்று விட்டால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் அந்தச் சில கிராம் பேரிங்கையும் இன்ஜின் தண்டையும் பதம் பார்த்துவிடும். ஐந்து பைசா ஆணியில் செய்கிற சோதனை ஐயாயிரம் ரூபாய் ரிப்பேரைத் தடுக்கும்.

எல்லா பிளேடையும் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. விரிசல் விட்ட பிளேடு, வளைந்த பிளேடு, தேய்ந்து மெலிந்த பிளேடு எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான். வெல்டிங் வைத்து ஒட்டிய பிளேடை மாட்டுவது தற்கொலை முயற்சி. பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்து.

கரும்பு வெட்டுபவரின் கத்தி ஏன் மழுங்குவதில்லை?

இந்தப் பக்கத்து மண்ணுக்குச் சாணை புதிது அல்ல. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றி கரும்பு வெட்டு நடக்கும் நாளில் ஒரு வயலுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வேலை தொடங்கும் முன் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் கத்தியைத் தீட்டிக்கொள்வார்கள். நடுவில் ஒரு தரம், சாப்பிட்ட பிறகு ஒரு தரம். யாரும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. கத்தி அவர்களுடையது, கூலி டன் கணக்கில். கத்தி மழுங்கினால் அன்றைய வருமானம் மழுங்கும்.

சாலையோரம் மிஷின் பிடிக்கிறவரின் நிலைமை வேறு. மிஷின் ஒப்பந்தக்காரருடையது. கூலி நாள் கணக்கு. அரை மணி நேரம் உட்கார்ந்து பிளேடைக் கழற்றித் தீட்டினால் "சும்மா உக்காந்திருக்கான்" என்று மேஸ்திரி நினைப்பார். ஸ்பேனர் அவர் கையில் இருக்காது, அரம் இருக்காது, மாற்று பிளேடும் இருக்காது. பிளேடுக்கான செலவு ஒருவருடையது, பெட்ரோல் இன்னொருவருடையது, கைவலி மட்டும் இவருடையது. இந்த ஏற்பாட்டில் பிளேடு மழுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக, இது சோம்பேறித்தனமும் இல்லை, அறியாமையும் இல்லை. கருவி யாருடையது, நேரம் யாருடையது என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "ஆட்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று சலித்துக்கொள்வது நியாயமே இல்லை.

சட்டம் தன் பங்குக்கு ஏதோ செய்யப் பார்த்திருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகள் போய்க்கொண்டிருந்ததால் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. இயந்திரம் செய்பவர், விற்பவர், பயன்படுத்துபவர் என்று எல்லோரையும் பொறுப்புக்குள் கொண்டுவந்த சட்டம் அது. அதற்குப் பிறகு, பழுது பார்க்கும் உரிமை என்ற பேச்சு 2022-ல் டெல்லியில் எழுந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்று விவசாயக் கருவிகள். உதிரி பாகமும் பழுது பார்க்கும் தகவலும் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். நல்ல விஷயம். ஆனால் கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் சீன மொழியிலும் மட்டும் இருந்தால், திண்டிவனம் சந்தைக்கு வரும் விவசாயிக்கு அந்த உரிமை பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப் போடும் காகிதம்தான்.

"புதுசு வாங்கிட்டா போச்சு"

எதிர்ப்புறம் ஒரு வாதம் உண்டு. பிளேடு என்ன பெரிய விலையா? மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டலாமே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிய பிளேடை மாட்டவும் பழையதைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? எதிர் மரை தெரியாதவருக்குப் புது பிளேடும் ஒன்றுதான், பழைய பிளேடும் ஒன்றுதான். கழற்றத் தெரிந்தவர்தான் மாற்றுவார், தீட்டுவார், விரிசலைக் கண்டுபிடிப்பார். கழற்றத் தெரியாதவர் உடையும் வரை ஓட்டுவார்.

"நைலான் கயிறு போட்டால் போதுமே" என்பது இன்னொரு வாதம். வீட்டுச் சுவர் ஓரத்திலும் மெல்லிய புல்லுக்கும் அது நல்லதுதான். கல்லில் பட்டாலும் பிளேடு அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் கோரையிடமும் முள்செடியிடமும் அது செல்லாது. அங்கே பிளேடுதான் வேண்டும்.

மூன்றாவதாக, "சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் முடிந்தது" என்பார்கள். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சைக்கிளில் கல்லைக் கட்டிக்கொண்டு மிதித்து மிதித்துத் தீப்பொறி பறக்க வைக்கும் அந்த மனிதர் தெருவுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது. மிக்ஸி வந்து அம்மி போனது, ஸ்டெயின்லெஸ் கத்தி வந்து இரும்புக் கத்தி போனது, அவருக்கும் வேலை குறைந்தது. புல் மிஷினின் பிளேடு அவருக்கு ஒரு புது வேலையாக இருக்கலாமே! ஆனால் அவர் கைக்கு பிளேடு போய்ச் சேர வேண்டும் என்றாலும், முதலில் யாராவது அதைக் கழற்றியிருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த நட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் போதும்

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலை ரகங்களின் பெயரில் டி.எம்.வி. என்று வருவது திண்டிவனத்தின் சுருக்கம்தான். வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கிறது. விதையை நாடு முழுக்கக் கொண்டுபோன ஊர், ஒரு நட்டைக் கழற்றுவதை நாலு கிராமத்துக்குக் கொண்டுபோக முடியாதா? விழுப்புரத்தில் ஐடிஐ இருக்கிறது. இரண்டு ஊரிலும் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கலைக் கல்லூரி இருக்கிறது, எல்லாவற்றிலும் என்.எஸ்.எஸ். இருக்கிறது. வருடா வருடம் முகாம் போட்டு பார்த்தீனியம் பிடுங்கி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு நாளை ஒதுக்கி, ஒரு வைஸ், இரண்டு அரம், ஒரு ஸ்பேனர் செட், சுவரில் ஒரு ஆணி வைத்து, "மிஷின் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கழற்றித் தீட்டக் கற்றுத் தருகிறோம்" என்று சொன்னால் போதும். கற்றுத்தர வேண்டியவர் பேராசிரியராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்துப் பட்டறை ஆசாரியையும் சைக்கிள் கடைக்காரரையும் அழைத்து, சம்பளம் கொடுத்து உட்கார வைக்கலாம். மெக்கானிக்கல் படிக்கிற மாணவர்களும் அப்படியே அரம் பிடித்துப் பார்க்கலாம். (வொர்க்ஷாப் ரெக்கார்டு நோட்டில் மட்டும் ராவினவர்கள் நிறையப் பேர்!)

மிஷின் விற்கும் கடைக்காரர் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. பில் போடும் முன் வாங்குபவர் கையாலேயே ஒரு முறை பிளேடைக் கழற்றி மாட்ட வைக்க வேண்டும். ஐந்து நிமிடம். மானியத்தில் கொடுக்கும் மிஷின் என்றால் இதைக் கட்டாயமாக்கலாம், மக்கள் வரிப்பணம்தானே.

ஒப்பந்தம் எழுதுபவர்கள் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிளேடு தீட்டும் நேரமும் வேலை நேரமே. மாற்று பிளேடும் கையுறையும் கண் கண்ணாடியும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. இந்த ஒரு வரி எழுதப்பட்டால் மீதி தானாக நடக்கும். கரும்பு வயலில் யாரும் சொல்லாமலே நடக்கிறதே!

1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவும் மிஷினைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. துணிக்குச் செய்வதைப் புல்லுக்குச் செய்தால் என்ன என்று ஒருவர் யோசித்ததால் உலகத்துக்கு ஒரு மிஷின் கிடைத்தது. அரிவாளுக்குச் செய்வதை மிஷின் பிளேடுக்குச் செய்தால் என்ன என்று யோசிக்க இங்கே ஒருவர் போதும். சாணையும் இருக்கிறது, கையும் இருக்கிறது.

பிளக் ஒயரைப் பிடுங்க மறக்காமல் இருந்தால் சரி.